மூன்றாவது ஆளுக்கு என்ன ஆச்சு?

ஒருவருக்கு உதவினோம் என்பதை எப்படி நிரூபிப்பது? வேலை தேடி வந்தவர் விஷயத்தில் பதில் சுலபம்போலத்தான் தெரிகிறது. வேலை கிடைச்சுதா, உதவி. கிடைக்கலையா, வீண். இந்தக் கணக்கை ஒரு நாடு முழுக்கப் போட்டுப் பார்த்தது ஆஸ்திரேலியா.

அங்கே 1946 முதல் அரசே வேலைவாய்ப்பு அலுவலகங்களை நடத்திவந்தது. 1998இல் அந்த ஏற்பாட்டைக் கலைத்து, பணியை நிறுவனங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் ஒப்பந்தத்தில் விட்டார்கள். அப்போது அதன் பெயர் ஜாப் நெட்வொர்க். 2022 முதல் வொர்க்ஃபோர்ஸ் ஆஸ்திரேலியா. இன்றைய விதிப்படி, வேலையில் சேர்ந்தவர் 4, 12, 26 வாரங்கள் தாக்குப்பிடித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் நிறுவனத்துக்குப் பணம் போகும்.

இதில் என்ன தப்பு, வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். அரசு அலுவலகம் என்பதாலேயே நன்றாக நடக்கும் என்று வரிசையில் நின்ற எவரும் சொல்ல மாட்டார். சிக்கல், எதைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் இப்போதுதான் படிப்பை முடித்தவர். யாரும் உதவாவிட்டாலும் ஒரு மாதத்தில் வேலை வாங்கிவிடுவார். அடுத்தவர், ஐம்பத்தைந்து வயதில் ஆலை மூடப்பட்டு வெளியே வந்தவர். நல்ல பயிற்சியும் ஒரு சிபாரிசும் கிடைத்தால் தேறுவார். மூன்றாமவருக்கு மன அழுத்தம், நிலையான வீடு இல்லை. ஒரு வருடம் கூடவே நின்றாலும் வேலை நிச்சயமில்லை. பணம் முடிவைப் பார்த்து வருமென்றால் நிறுவனம் யாரிடம் நேரம் செலவிடும்? முதலாமவருக்குச் செலவே இல்லை, கட்டணம் உண்டு. மூன்றாமவருக்குச் செலவு உண்டு, கட்டணம் சந்தேகம். பாலில் ஏடெடுப்பதுபோல் சுலபமானவர்களை எடுத்துக்கொண்டு மற்றவர்களை ஓரமாக உட்கார வைப்பது இப்படித்தான் நடக்கிறது. பிரிட்டன் 2011இல் கொண்டுவந்த வொர்க் புரோகிராமில், கடினமானவர்களுக்குக் கூடுதல் கட்டணம் வைத்தே பார்த்தார்கள். அப்போதும் இந்தப் பழக்கம் ஒழியவில்லை.

ஆக, முதல் பிழை கணக்கிலேயே இருக்கிறது. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பது உதவியின் அளவு அல்ல. இந்த உதவி இல்லாமல் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்காது என்பதே அளவு.

ஆனால் கணக்கைத் திருத்தினாலும் தீராத இன்னொன்று உண்டு. அங்கே உதவித்தொகை பெறுபவர்களில் பெரும்பாலானோர் மாதந்தோறும் விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என்று செய்து, பொதுவாக 100 புள்ளி சேர்க்க வேண்டும். தவறினால் உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படலாம். சந்திப்புக்கு வரவில்லை என்று பதிவு செய்வதும், வேலை தேட உதவ வேண்டிய அதே நிறுவனம்தான். உதவுகிறவரே காவலர்!

அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் என்ன பேசுவார்? "காலையில எழுந்திருக்கவே முடியல" என்று சொன்னால் அதுவே தனக்கு எதிரான பதிவாகிவிடுமோ என்று பயப்படுவார். "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்பார். உண்மையைச் சொல்ல முடியாதவருக்கு யாராலும் உதவ முடியாது. இமானுவேல் காண்ட், மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்றார். இங்கே அந்த மனிதர் நிறுவனத்துக்குக் கட்டண வாய்ப்பு, அரசுக்கு வேலையின்மைப் புள்ளிவிவரத்தில் ஓர் எண்.

2023 நவம்பரில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று, முழுத் தனியார்மயம் தோற்றுவிட்டது, அரசு மறுபடி உள்ளே வர வேண்டும் என்று சொன்னது. சரிதான். ஆனால் அரசு ஊழியரும் அதே புள்ளிப் பலகையோடு, அதே தண்டிக்கும் அதிகாரத்தோடு உட்கார்ந்தால் மேசைக்கு எதிரே இருப்பவருக்கு என்ன வித்தியாசம்? உதவும் கையையும் தண்டிக்கும் கையையும் முதலில் பிரிக்க வேண்டும். பிறகு மதிப்பீடு மூன்றாமவரிடமிருந்து தொடங்க வேண்டும்: அவருக்கு வேலை கிடைத்ததா என்பதோடு, இங்கே வந்தபின் அவர் நிலை தேறியதா, மோசமானதா என்றும் கேட்க வேண்டும். இதற்குச் செலவு அதிகம், பதிலும் மெதுவாகத்தான் வரும். அந்தச் செலவுக்குச் சம்மதமா என்பதை வரி கட்டுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.