கண்ணீரும் பக்தியும்



தபசுகாலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும்போது சிலர் வாய்விட்டு அழுகிறார்கள். சிலர் அசையாமல் நிற்கிறார்கள். அழுகிறவரை வேஷக்காரர் என்றும், அழாதவரைப் பக்தியற்றவர் என்றும் பேசுவோர் உண்டு. எது நியாயம்?

1705-ல் கோவாவிலிருந்து இலங்கை சேர்ந்து, 1742-ல் மரிக்கும்வரை அங்கே உழைத்த சங்கைக்குரிய கொன்சால்வெஸ் சுவாமி, கேட்பவர் நெஞ்சு உருகும்படியே அப்பிரசங்கங்களை எழுதினார். லாசரின் கல்லறையருகே நம் ஆண்டவரும் கண்ணீர் சிந்தினார். ஆகையால் அழுகை குற்றமாகாது. ஆயினும் சிலுவைப் பாதையில் தமக்காக அழுத பெண்களை, தங்களுக்காகவும் தங்கள் பிள்ளைகளுக்காகவும் அழும்படி அவர் சொன்னாரே! உதடு மட்டும் அசைய ஜெபித்த அன்னாளை, குருவாகிய ஏலியே குடிகாரி என்று தப்பாக எண்ணினார். பிறர் உள்ளத்தை அளக்க நாம் யார்?

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் மழை நம் சொல்லுக்கு வராது. கண்மாய்க் கரையைக் காப்பதோ நம் பொறுப்பு. கரை உடைந்திருந்தால் பெய்த மழையெல்லாம் வீண். கண்ணீரும் சர்வேசுரன் தரும் மழையே. வெள்ளிக்கிழமை அழுதுவிட்டுத் திங்கட்கிழமை கூலியாளுக்குக் கூலி குறைப்பவனிடம் அது தங்கவில்லை. கண் நனையாதிருந்தும், வரப்புத் தகராறில் பிரிந்த தம்பி வீட்டுப் படியேறினவனிடம் அது தங்கிற்று.

அழுகை வந்தால் வெட்கப்படாதேயுங்கள், வராவிட்டால் கலங்காதேயுங்கள். பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பாராமல், நீங்கள் யாருடன் சமாதானமாக வேண்டுமோ அவரை நினைத்துக்கொண்டு கோவிலைவிட்டுப் புறப்படுங்கள்.

உங்கள் பங்குக் குரு