வீரபாகு வேஷம்

எங்க தெருவுப் பையன் ஒருவன் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கப் போனான். நான் தமிழ் எம்.ஏ. படித்த அதே வருஷங்கள். அவன் அப்பா சுடுகாட்டு வேலை பார்த்தவர்.

முதல் வருஷம் உடற்பயிற்சி, குரல் பயிற்சி, ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. 'அந்த இடத்தில் நான் இருந்திருந்தால்?' என்று நடிகன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார் அந்த ருஷ்ய ஆசான். நல்ல கேள்விதான். ஆனால் அதைக் கேட்க எல்லாருக்கும் அனுமதி இருக்கிறதா?

இரண்டாம் வருஷம் அரிச்சந்திரா மயான காண்டம் எடுத்தார்கள். இவனுக்கு அரிச்சந்திரன் மேல் ஆசை. குரலும் இருந்தது. கிடைத்தது வீரபாகு. "உனக்கு அது இயல்பா வரும்பா" என்றார் வாத்தியார், பாராட்டு மாதிரி. அரிச்சந்திரன் கட்டிய ஊர்ப் பையன் ஒரு மாசம் சுடுகாட்டுக்கு அலைந்து, வெட்டியான் எப்படி நிற்கிறார், எப்படிக் குனிகிறார் என்று பார்த்துப் படித்தான். அவன் செய்தால் பயிற்சி. இவன் செய்தால் பிறப்பு. அப்புறம் இவன் எதற்கு ரெண்டு வருஷம் படிக்கணும்?

செத்த பிள்ளையோடு வந்த சந்திரமதியிடம் கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி கேட்கிற இடத்தில் அரங்கமே அழுதது. காந்தியைச் சின்ன வயசில் உலுக்கிய கதை, சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. ராஜா வெட்டியான் ஆகிவிட்டானே என்றுதான் அந்தக் கண்ணீர். அவனுக்குக் கடைசியில் எல்லாம் திரும்பிவிடும். மார்க்கண்டேய புராணத்தில் அவனை விலைக்கு வாங்கிய சண்டாளனே மாறுவேஷத்தில் வந்த தர்மதேவன். ஆக, நிஜ வெட்டியான் ஒருத்தனும் அந்தக் கதையில் இல்லை.

"இந்த வேஷம் வேணாம்னு சொல்லிட்டு வாடா" என்று சண்டை போட்டேன். "நீ கட்டுரை எழுதிப் பொழைச்சுக்குவே. நான் விட்டா வேற ஒருத்தன் கட்டிக்கிட்டுக் குடிகாரனா தள்ளாடுவான். நான் நிமிந்து நிக்கிறேன்" என்றான். நின்றான். அன்றைக்கு எனக்குப் பதில் இல்லை.

படிப்பு முடிந்து சென்னையில் ஒரு நவீன நாடகக் குழுவில் எட்டு வருஷம். பஸ் காசு, சாப்பாடு, எப்போதாவது சம்பளம். பறையடிக்கிறவன், காவல்காரன், பிணம் தூக்குகிறவன் என்று வேஷங்கள். பால் ராப்சன் 1943இல் பிராட்வேயில் ஒத்தெல்லோ ஆனபோது, வெள்ளைக்காரன் கரி பூசிக்கொண்டு போட்ட வேஷத்தைக் கறுப்பன் மீட்டான் என்று நாம் கொண்டாடுகிறோம். சரிதான். ஆனால் நம் வேஷத்தை மட்டுமே நமக்கு ஒதுக்கிவிட்டு, அதற்கு யதார்த்தம் என்று பேர் வைத்தால்? நிமிர்ந்து நின்றாலும் நிற்கிற இடம் அதே சுடுகாடு. அவனோடு நான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிற சண்டை இது.

போன வருஷம் எங்க தெருவில் அவனே ஆள் சேர்த்து மயான காண்டம் போட்டான். அரிச்சந்திரன் அவன்தான். அவன் அப்பா முன்வரிசையில் குந்திக்கொண்டு விடியவிடியப் பார்த்தார்.

காலையில் டீக்கடையில் சொன்னார்: "பாட்டு நல்லா இருந்துச்சுடா. கட்டைதான் ஒனக்கு அடுக்கத் தெரியல. எப்பிடித் தெரியும்? ஒரு நாளாச்சும் அந்தப் பக்கம் ஒன்ன வர விட்டேனா?"