இடுப்பில் ஒரு முகமூடி

மறைப்பது என்றாலே குற்றம் என்று நினைக்கிறோம். ‘ஒளிவு மறைவு இல்லாத மனிதர்’ என்பது நம்மிடையே பெரிய பாராட்டு. ஆனால் எல்லா மறைவும் வஞ்சகந்தானா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது ஜப்பான் நாட்டுச் சிறு பொருள் ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அதில் ஒரு முகமூடி செதுக்கியிருக்கும்.

நெட்சுகே என்பது அதன் பெயர். ஜப்பானியரின் பழைய உடையான கிமோனோவில் பை வைத்துத் தைப்பதில்லை. ஆகவே புகையிலைப் பையையும் மருந்துச் செப்பையும் கயிற்றில் கோத்து இடைக்கச்சையிலிருந்து தொங்கவிட்டார்கள். கயிறு நழுவாமலிருக்க அதன் நுனியில், கச்சைக்கு மேலே, ஒரு குமிழ் வேண்டும். அதுவே நெட்சுகே. மரத்திலும் யானைத் தந்தத்திலும் செய்வார்கள். நம் பாட்டிமார் சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டார்களே, அதே தேவைதான், வழிதான் வேறு.

நெட்சுகேக்கள் பலவற்றில் இருப்பவை நோ நாடகத்தின் முகமூடிகள். 14ஆம் நூற்றாண்டில் கன்னாமியும் அவர் மகன் ஸெயாமியும் உருக்கொடுத்த நாடகம் அது. நடிகன் மேடைக்குப் போகுமுன் கண்ணாடி அறையில் அமர்ந்து, முகமூடியை வணங்கிய பிறகே அணிகிறான். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில், பாகவத மேளாவில் நரசிம்ம முகமூடி தரிப்பவர் விரதமிருப்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. அணிந்தபின் ‘நான்’ போய்விட வேண்டும். அதற்காகவே அந்த மறைப்பு.

அதே முகமூடி இடுப்புக்கு வந்தபோது கதை மாறிற்று. 1603 முதல் 1868 வரை நடந்த தோகுகாவா ஆட்சியில் வணிகரிடம் பணம் குவிந்தது. சமூக அடுக்கிலோ அவர்கள் கடைசி. பட்டும் பகட்டும் அவர்களுக்குக் கூடாதென்று அரசு அடிக்கடி ஆணையிட்டது. அப்போது கைகொடுத்தது இந்தக் குமிழ். “கயிறு நழுவாமலிருக்கத்தான்” என்று சொல்லிக்கொள்ளலாம். தெரிந்தவர் கண்ணுக்கு அதன் விலை தெரியும். மேடையில் ‘நானை’ அழித்த முகமூடி, இடுப்பில் அதே ‘நானை’ மெல்ல வளர்த்தது. அதற்காக அவர்களைப் பழிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. உழைத்துச் சேர்த்ததை உடுத்தாதே என்ற சட்டத்துக்கும் அந்த வேஷத்தில் பங்கு உண்டு.

சுருக்குப்பை என்றதும் தளவாய்புரத்தில் இருந்த என் அத்தைப்பாட்டி நினைவுக்கு வருகிறாள். யார் வந்து கேட்டாலும், தெருவுக்கே கேட்கும்படி, “எங்கிட்ட ஏதுப்பா துட்டு? வெத்திலைக்கே தாளம் போடுதேன்” என்பாள். கஞ்சப் பாட்டி என்றே சிறுவர்களாகிய நாங்கள் பெயர் வைத்திருந்தோம்.

அவள் இறந்த பதினாறாம் நாள் ஒரு தறிக்காரர் வந்து திண்ணையோரம் நின்று அழுதார். அவருடைய மகளின் பிரசவத்துக்குப் பாட்டி இருட்டிய பிறகு கொல்லைப்புறமாகப் போய்ப் பணம் கொடுத்தாளாம். “நான் குடுத்தேன்னு மூச்சு விடாதே. நாளைக்கு உன் பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்லப்படாது” என்றாளாம்.

அவளும் முகமூடி அணிந்தவள்தான். ஆனால் அந்தக் கஞ்ச முகம் காத்தது தன் மானத்தை அல்ல, வாங்கியவரின் மானத்தை. அப்படியானால் மறைப்பது சரியா தவறா என்று கேட்பதில் பயனில்லை. யாருக்காக மறைக்கிறோம் என்றுதான் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

1868க்குப் பிறகு ஜப்பானியர் பை வைத்த மேல்நாட்டு உடைக்கு மெல்ல மாறினார்கள். நெட்சுகேக்கள் கப்பலேறி, அயல்நாட்டு அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. தளவாய்புரத்திலும் இன்று தையல் இயந்திரங்கள் நைட்டி தைத்துக் குவிக்கின்றன. சுருக்குப்பை செருகிய இடுப்பைக் காண்பது அரிது.

பாட்டியின் பையை அன்று அவிழ்த்துப் பார்த்தோம். நாலு கொட்டைப்பாக்கும் ஓர் எட்டணாவுந்தான் இருந்தன. வெற்றிலைக்குத் தாளம் போட்டதாக அவள் சொன்னது பொய்யல்ல.