உச்சிப்புளியில் தூங்கிவிட்டாள்

மூன்றேகால் வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போகிறோம் என்றதும் தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பாலைக் காய்ச்சிப் பிளாஸ்கில் எடுத்துக்கொள், மாற்றுத்துணி நாலு கூடுதலாக வை, கடல்காற்று ஒத்துக்கொள்ளாது, தலையில் துணி கட்டு. எதிர்வீட்டு அக்கா மட்டும் வேறு ஒன்று கேட்டார்: "இந்த வயசுல கூட்டிட்டுப் போயி என்னத்துக்கும்மா? அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்கப்போறதில்ல. ரெண்டு வருஷம் போகட்டும்ல?"

அக்கா கேட்டது நியாயம்தான். எனக்கு ஒரு பதில் இருந்தது, அதை வாசலில் நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு நினைவிருக்கும் முதல் விஷயமே பாம்பன் பாலம்தான். பழைய மீட்டர் கேஜ் ரயில். வாசலுக்கு உள்ளே அப்பா சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் நான். அவர் சட்டையில் மல்லியும் சீரகமும் கலந்த கடை வாசனை. இரண்டு கையாலும் என் இடுப்பை இறுக்கிப் பிடித்திருக்கிறார். கீழே எட்டிப் பார்த்தால் பாலம் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிகிறது. பச்சைத் தண்ணீர். ரயில் அதன்மேல் நடந்து போகிறது. இதை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். அப்பா திருமங்கலத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். என் மகள் பிறக்க ஆறு மாதம் இருக்கையில் போய்விட்டார். அவர் எனக்குக் கொடுத்த அந்தத் தண்ணீரை இவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு தவிப்பு.

இடையில் பாலமே ஓய்ந்து கிடந்தது. 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தது. ஜூனில் கிளம்பிவிட்டோம். நான், கணவர், மகள், திருமங்கலத்திலிருந்து அம்மா. பாலத்தைப் பகல் வெளிச்சத்தில் காட்ட வேண்டும் என்பதற்காகவே மதுரையில் காலை பாசஞ்சர் ஏறினோம்.

குழந்தையோடு பயணம் போகிறவர்களுக்குத் தெரியும், வீட்டைப் பூட்டிவிட்டு வர முடியாது, தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். நான் தூக்கி வந்தது இவ்வளவு: எங்களுக்குப் பொடி தடவிய இட்லி, அவளுக்குச் சீனி தொட்ட இட்லி, அவளுடைய மூடி போட்ட தம்ளர் (வேறு தம்ளரில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்), என்னுடைய பழைய சுங்குடிப் புடவையில் கிழித்த ஒரு துண்டு. அந்தத் துண்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டால்தான் தூக்கம் வரும். ஐந்து வயது ஆகாத பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது. ஆனால் எங்கள் மூட்டையில் முக்கால்வாசி அந்த டிக்கெட் இல்லாத பயணியுடையது. எதிர் சீட்டில் ஒரு பெண் சாமான் வைக்கும் கம்பியில் புடவையைக் கட்டித் தூளி போட்டுவிட்டு, காலால் ஆட்டிக்கொண்டே பூ கட்டிக்கொண்டிருந்தார். ரயில் ஆட்டத்துக்கும் அவர் கால் ஆட்டத்துக்கும் இடையில் கைக்குழந்தை அயர்ந்து தூங்கியது. அந்தத் தாய் ஊருக்குப் போவதாகவே தெரியவில்லை. தன் வீட்டு நடுவில் உட்கார்ந்திருப்பவர்போல இருந்தார்.

மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வரை மகள் ஜன்னலைவிட்டு நகரவில்லை. கருவேலங்காட்டில் ஆடு கண்டால் கத்தினாள். முறுக்கு வாங்கிக்கொடுத்தோம். "பாப்பா, கொஞ்ச நேரத்துல கடல் வரும், ரயில் கடல்மேல போகும்" என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சொல்லிக்கொண்டு வந்தேன். உச்சிப்புளி வந்தபோது திரும்பிப் பார்த்தால், என் மடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். ஒரு விரலில் புடவைத் துண்டு. மறு கைக்குள் பாதி முறுக்கு.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுத எனக்கு வலிக்கிறது. மண்டபம் வந்ததும் எழுப்பினேன். முதலில் கன்னத்தைத் தடவி. பிறகு கண்ணில் தண்ணீர் தொட்டு வைத்து. அவள் சிணுங்கிக்கொண்டு முகத்தை என் வயிற்றில் புதைத்தாள். ரயில் பாலத்தில் ஏறிவிட்டது. மெதுவாகத்தான் போனது. எனக்கோ அது பறப்பதுபோல இருந்தது. "இதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம், கண்ணைத் தொறடி" என்று அதட்டினேன். தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். வீறிட்டு அழுதாள். கையிலிருந்த முறுக்கு நொறுங்கி என் புடவை முழுக்கக் கொட்டியது. கப்பல் வந்தால் பாலத்தின் நடுவே 72.5 மீட்டர் நீளத் துண்டை அப்படியே 17 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிற அந்தக் கோபுரங்கள் கடந்து போயின. பக்கத்தில் பழைய பாலம் துருவேறி நின்றது. இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கும் அவள் அழுகைதான் பெட்டியில் கேட்டது. நான் எதையுமே பார்க்கவில்லை.

அம்மா என் கையை விலக்கிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். "விடு தாயி. நீயும் அன்னைக்குத் தூங்கிட்டுத்தான் வந்த."

"என்னைக்கு?"

"உங்கப்பா உன்னய வாசல்ல மடியில வச்சு உக்காந்திருந்தாரே, அன்னைக்கித்தான். ஒண்ணரை வயசு உனக்கு. மண்டபத்துல தூங்குனவ, ராமேஸ்வரத்துல எறங்கித்தான் கண்ணு முழிச்ச. அவருதான் கடைய அடச்சுட்டு வந்து தெனமும் உனக்குச் சொல்லிக்கிட்டுக் கெடப்பாரு."

பாம்பன் ஸ்டேஷனில் ரயில் நின்றது. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக நான் பத்திரமாக வைத்திருந்த அந்தப் பச்சைத் தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. அது அப்பா பார்த்த தண்ணீர்.

ராமேஸ்வரத்தில் இரண்டு நாள். அக்னி தீர்த்தத்தில் அம்மா அப்பாவுக்காக முழுக்குப் போட்டார். கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களில் ஆறாவதோடு மகள் வரமாட்டேன் என்றுவிட்டாள், வாளித் தண்ணீர் தலையில் விழுவது அவளுக்குப் பயம். மூன்றாம் பிரகாரத்தின் 1,212 தூண்களை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஈரத்தரையில் தன் காலடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டாம் நாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலில் ஊர் அழிந்தது. வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் ஆட்களோடு கடலில் போனது. இப்போது கூரையில்லாத தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் சில கற்களும் நிற்கின்றன. சங்கு, பாசிமாலை விற்கும் ஒரு மூதாட்டி, கேட்காமலேயே, "இந்தா இங்கதான் தபாலாபீஸு, இங்கன பள்ளிக்கொடம்" என்று வெறும் மணலைக் காட்டிக்காட்டிச் சொன்னார். புயலின்போது அவர் கைக்குழந்தையாக இருந்திருக்க வேண்டும். அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர் பார்த்த தெருவில்தான் அவர் நடந்துகொண்டிருந்தார். என் மகள் அந்தத் தபாலாபீஸ் இருந்த இடத்தில் மணலைக் குவித்து இட்லி அவித்தாள்.

ஊர் திரும்பிய பிறகு இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். பெரியவர்களிடம் முதல் நினைவு எது என்று கேட்டால், சராசரியாக மூன்று, மூன்றரை வயதில் நடந்ததைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முந்தியது பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. எதிர்வீட்டு அக்கா சொன்னது சரி. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் கரைவதில்லை. நியூசிலாந்தில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் மாவோரி மக்களின் முதல் நினைவுகள் சராசரியாக மூன்று வயதுக்கும் முன்னால் போயின. ஐரோப்பிய வழியினர், ஆசியர் இரு தரப்பையும்விட முந்தியவை. பழையதை வாயால் சொல்லிச்சொல்லிக் காப்பாற்றுகிற அவர்கள் மரபு இதற்குக் காரணமாகலாம் என்கிறார்கள். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் எலைன் ரீஸ், அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் ராபின் ஃபைவஷ் ஆகியோர், தாய்மார் பிள்ளைகளோடு நடந்ததைப் பேசும் விதத்தைப் பல ஆண்டுகள் கவனித்தவர்கள். "கடலுக்குப் போனோமா? ஆமா. சரி" என்று முடித்துவிடுகிற வீடு ஒன்று. "அங்க என்ன பார்த்தோம், அது என்ன நிறம், உனக்கு ஏன் பயமா இருந்துச்சு" என்று கேள்வி போட்டுப் பிள்ளை சொல்வதை வாங்கி நீட்டுகிற வீடு இன்னொன்று. இரண்டாவது வீட்டுப் பிள்ளைகளிடம் நினைவு செழிப்பாகத் தங்குகிறது.

படிக்கப் படிக்க அப்பா குரல் காதில் விழுந்தது. ஒன்பதரைக்குக் கடையை அடைத்துவிட்டு வந்து, கை கால் கழுவி, என் பக்கத்தில் பாயில் சாய்ந்துகொண்டு, "அன்னைக்கு ரயில்ல எங்க உக்காந்திருந்தோம்?" என்பார். "வாசல்ல" என்பேன். "கீழ என்ன இருந்துச்சு?" "தண்ணி." "என்ன கலரு?" பச்சை என்று நான் சொன்னேனா, அவர் சொன்னாரா, இனிமேல் கேட்க ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மிளகாய் மூட்டையோடு வாழ்ந்த மனிதர். நாள் முழுக்க நின்ற கால்வலியோடு, தூங்கிப்போன பிள்ளைக்கு ஒரு கடலைத் தவணை முறையில் கொடுத்து முடித்திருக்கிறார்.

ஒரு பயமும் கூடவே வந்தது. எலிசபெத் லோஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1995இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. 24 பேரிடம், ஐந்து வயதில் நீங்கள் பெரிய கடைவளாகத்தில் தொலைந்துபோனீர்கள், உங்கள் வீட்டார் சொன்னது என்று, நடக்காத கதையை நடந்த கதைகளோடு கலந்து கொடுத்தார்கள். கால்வாசிப் பேர் முழுக்கவோ கொஞ்சமோ அது தமக்கு நினைவிருப்பதாகச் சொன்னார்கள். வீட்டார் சொன்னது என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு பலம். பிள்ளையின் முதல் நாலைந்து வருஷத்துக்கு நாம்தான் சாட்சி, வேறு யாருமில்லை. நாம் எதைச் சொல்கிறோமோ அதுதான் அவர்களுக்கு நடந்தது. எதை விட்டுவிடுகிறோமோ அது நடக்கவே இல்லை. என் கைபேசியில் அந்தப் பயணத்தின் படங்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. அவள் பாலத்தில் அழுத படம் ஒன்றுகூட இல்லை.

இப்போது எங்கள் வீட்டிலும் விளக்கணைத்தபின் அந்த நேரம் வந்துவிட்டது. பகலில் எனக்கும் அவளுக்கும் பேச்சென்று எதுவும் இருப்பதில்லை. சாப்பிடு, பல் தேய், செருப்பை மாட்டு, ஓடாதே. ஒரு நாளில் நான் அவளிடம் பேசுவதில் பெரும்பங்கு ஏவல்தான். பாயில் படுத்தபிறகுதான் இருவரும் ஒரே மாதிரி உயரத்துக்கு வருகிறோம். முதல் ராத்திரிகளில் நான் அழகான பகுதிகளை மட்டும் சொன்னேன். ரயில் கடல்மேல் போனது, பாப்பா கை தட்டினாள், என்று ஒரு நாள் வாய் தவறாமலே பொய் சொன்னேன்.

"இல்ல. நான் அழுதேன்" என்றாள் இருட்டில்.

"ஏன் அழுத?"

"நீ இங்க புடிச்ச" என்று என் விரலை எடுத்துத் தன் தாடையில் வைத்தாள்.

எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. "ஆமா, அம்மா புடிச்சேன். வலிச்சுச்சா?" "ம்." "அம்மா செஞ்சது தப்பு." அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. "அப்புறம் அம்மாச்சி தூக்குனாங்க" என்று கதையை நகர்த்திவிட்டாள். அன்றிலிருந்து அது கதையில் இருக்கிறது. உச்சிப்புளியில் தூங்குகிறாள், அம்மா எழுப்புகிறாள், திட்டுகிறாள், தாடையைப் பிடிக்கிறாள், அம்மாச்சி வாங்கிக்கொள்கிறார். அந்த இடம் வரும்போது ஒவ்வொரு முறையும் என் குரல் இறங்கும். அவள் குரல் இறங்குவதில்லை. அவளுக்குப் பிடித்த இடமே அதுதான் போலிருக்கிறது.

அப்பாவைப் பற்றியும் சொல்கிறேன். நானும் இதே பாலத்தில் தூங்கினேன், தாத்தா என்னை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார், இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தார், கீழே பச்சைத் தண்ணீர். அவளுக்கு இரண்டு ரயிலும் ஒரு ரயில்தான்.

போன வாரம் அம்மா போனில் பேசினார். மகள் போனை வாங்கிக்கொண்டு சன்னலோரம் போய், அம்மாச்சிக்கே ராமேஸ்வரம் போன கதையைச் சொல்லத் தொடங்கினாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஆடு வந்தது, முறுக்கு வந்தது, அம்மா திட்டியது வந்தது. பிறகு, "தாத்தா என்னய வாசல்ல மடியில வச்சிருந்தாங்க, உழுந்துராம இங்க புடிச்சுக்கிட்டாங்க" என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள், போனில் தெரியும் என்ற நினைப்பில்.

தாத்தாவை அவள் பார்த்ததே இல்லை என்று திருத்துவதற்காக ஈரக்கையோடு எழுந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

"ஆமா சாமி. தாத்தாட்ட என்ன வாசம் அடிச்சுச்சு?"

"மல்லி" என்றாள் மகள்.

நான் திரும்பிப் போய் அரிசியில் கை வைத்தேன்.