மாற்று, பதில், ஈடு

ஒன்றின் இடத்தில் வேறொன்றை வைப்பதைச் சொல்ல மாற்று, பதில், ஈடு ஆகிய சொற்கள் தமிழில் வழங்குகின்றன. மூன்றும் ஒரே பொருளுடையவை அல்ல. மாற்றினால் பழையது விலகிவிடும். பதிலுக்கு வைக்கும் பொருளோ இல்லாத ஒன்றின் வேலையைச் செய்யும். அசலின் உரிமை அப்படியே இருக்கும். ஈடு என்பது இரண்டும் மதிப்பில் சமம் என்பதைக் காட்டும். அந்தமானிலுள்ள போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயரிடுவதாக 2024 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது. இது மாற்று: ஊர் அதுவே, பெயர் வேறு. வேள்விச் சடங்கில் நடப்பது இதற்கு நேர்மாறு: பெயர் அதுவே, பொருள் வேறு.

சடங்கில் பதிலாக வரும் பொருளைப் பிரதிநிதி என்பது மீமாம்சை வழக்கு. ஜைமினியின் சூத்திரங்களில் ஆறாம் அத்தியாயம் இதை ஆராய்கிறது. விதித்த நெல் கிடைக்காதபோது நீவாரம் என்னும் காட்டுநெல்லைக் கொள்ளலாம். நீவாரத்தில் நெல்லின் கூறுகள் உள்ளன என்பதே காரணம். ஆகவே மந்திரத்தில் வரும் நெல் என்ற சொல்லைத் திருத்துவதில்லை. நீவாரமும் தீர்ந்துபோனால், அடுத்துத் தேடுவது நெல்லைப் போன்றதையே, நீவாரத்தைப் போன்றதை அன்று. பதிலுக்குப் பதில் கிடையாது.

எதற்கும் எதையும் வைத்துவிட முடியாது. தேவதை, வேள்வித் தீ, மந்திரம், செயல் ஆகியவற்றுக்குப் பிரதிநிதி இல்லை. வேள்விக்கு ஆகாதென விலக்கிய தானியம் எவ்வளவு ஒத்திருந்தாலும் சேராது. விடக்கூடாத நித்திய கர்மத்தைப் பதில் பொருளைக் கொண்டும் செய்தாக வேண்டும். பலன் வேண்டிச் செய்யும் காமிய கர்மத்தைப் பதில் பொருளோடு தொடங்கக் கூடாது. தொடங்கியபின் பொருள் கெட்டால் மட்டும் பதில் கொண்டு முடிக்கலாம்.

வீட்டுப் பூசையில் ஒப்புமை தேவைப்படுவதில்லை. வஸ்திரம் சாத்த இயலாதவர் 'வஸ்திரார்த்தம்' என்று சொல்லி அட்சதையைப் போடுகிறார். அரிசிக்கும் துணிக்கும் எந்த ஒற்றுமையும் இல்லாததால், எதற்காக எது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோயில் திருப்பணியின்போது செய்யும் பாலாலயம் வேறு வகை. மூலவரின் சக்தியைக் கலாகர்ஷணம் என்னும் சடங்கால் கும்பத்து நீருக்கு வரவழைத்து, அங்கிருந்து மரப்பலகையில் எழுதிய உருவத்துக்கோ சிறிய பிம்பத்துக்கோ ஏற்றுவார்கள். திருப்பணி முடியும்வரை பூசை அங்கேதான் நடக்கும். கும்பாபிஷேகத்தில் சக்தி மூலவரிடம் திரும்பும். மீமாம்சையில் பொருள் மாறினாலும் தேவதை மாறுவதில்லை. ஆகமத்திலும் தேவதை அதுவே. இருக்கும் இடம்தான் சில காலத்துக்கு வேறு.

ஈடு நேர்த்திக்கடனில் தெளிவாகத் தெரியும். துலாபாரத்தில் குழந்தையின் எடைக்கு எடை வெல்லமோ வாழைப்பழமோ நாணயமோ செலுத்துகிறார்கள். இங்கே ஒப்புமையும் இல்லை, சக்தி ஏற்றமும் இல்லை. தராசு முள் நேராக நின்றால் கடன் தீர்ந்தது.