பரங்கிப்பேட்டை இரும்பு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், பி.முட்லூரில் கிழக்கே பிரியும் சாலை பரங்கிப்பேட்டைக்குப் போகிறது. 1781-ல் ஹைதர் அலி ஆங்கிலேயரிடம் தோற்ற ஊர் என்று பாடப்புத்தகம் சொல்லும். அங்கிருந்து ஒரு காலத்தில் இங்கிலாந்துக்கு இரும்பு கப்பலேறியது என்பதை அது சொல்லாது.

1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், கிழக்கிந்தியக் கும்பனியில் பார்த்த உத்தியோகத்தை விட்டுவிட்டு வெள்ளாற்று முகத்துவாரத்தில் உலை வைத்தார். கனிமம் சேலம் பக்கத்துக் காந்தக்கல். அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இரும்பு, மிச்சம் ஆக்சிஜன். பக்கத்துச் சிதம்பரத்தில் பொன்னம்பலத்துக் கூரை உப்புக்காற்றிலும் மங்காமல் இருக்கிறதே, பொன்னுக்கு ஆக்சிஜன்மேல் ஆசை கிடையாது. ஆற்று மணலிலும் அது பொன்னாகவேதான் கிடைக்கும். இரும்புக்கு அந்தத் துறவு இல்லை. கடலூர்த் துறைமுகத்து நங்கூரச் சங்கிலி துருப்பிடிப்பதும் ஆக்சிஜனை மறுபடி தேடிப் போவதுதான்.

அந்தப் பிணைப்பைப் பிரிக்க, இரும்பைவிட ஆக்சிஜன்மேல் அதிக ஆசையுள்ள ஒன்று வேண்டும். கரி அதற்கு உதவும். உலையில் பாதி எரிந்த கரிவாயு கனிமத்திலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு போய்விடும்.

நம் ஊர்க் கொல்லர்கள் கனிமத்தைக் காய்ச்சிய துருத்தி உலையில் இரும்பு உருகவில்லை. சுத்த இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். அவ்வளவு சூடு அந்தச் சிறு உலையில் எழாது. பஞ்சுபோல் துளை விழுந்த கட்டியாக எடுத்து, அடித்து அடித்துக் கசடை வெளியேற்றினார்கள். அது தேனிரும்பு. ஹீத் வைத்ததோ பெரிய உலை. அதில் இரும்பு கரியை உறிஞ்சிக்கொள்ளும். நூற்றுக்கு நாலு பங்கு கரி சேர்ந்துவிட்டால் 1150 டிகிரியை ஒட்டியே உருகி ஓடும். உருகுநிலை இறங்கியதற்கு ஒரு விலை உண்டு. உலோகத்தின் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் தேனிரும்பைத் தகடாக்கவும் கம்பியாக நீட்டவும் முடிகிறது. வார்ப்பிரும்பில் கரி செதில் செதிலாகக் குறுக்கே படிந்து விரிசல்போல் நிற்கிறது; அடுக்குகள் வழுக்குவதற்கு முன்பே பிளவு ஓடிவிடுகிறது. ஓங்கிச் சுத்தியலால் அடித்தால் உடைந்து போகும். இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய ஒரு பங்கு கரியோடு நிற்பதுதான் கத்திக்கும் உளிக்கும் ஆன எஃகு.

கரியைப் போலவே இன்னொரு துளியும் இரும்பின் குணத்தை மாற்றும்: கந்தகம். நிலக்கரியில் அது உண்டு, மரக்கரியில் கிட்டத்தட்ட இல்லை. கந்தகம் இரும்போடு சேர்ந்து, இரும்பின் படிகமணிகளின் இடுக்குகளில் தங்கும். ஆயிரம் டிகிரிக்குக் கீழேயே அங்கு உருகிவிடும். செக்கச்செவேலென்று காய்ச்சி அடிக்கும்போது இரும்பு வெடிப்பது இதனால்தான். பரங்கிப்பேட்டை இரும்புக்கு மதிப்பு வந்ததும் மரக்கரியால், தொழில் படுத்ததற்கு ஒரு காரணமும் மரக்கரிதான். உலை தின்ற வேகத்துக்குக் காடு வளரவில்லை.

ஹீத் இங்கிலாந்து திரும்பி, 1839-ல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். உருகிய எஃகில் மாங்கனீசு இரும்பை முந்திக்கொண்டு ஆக்சிஜனையும் கந்தகத்தையும் பிடித்துக்கொள்ளும். மாங்கனீசோடு சேர்ந்த கந்தகமோ காய்ச்சி அடிக்கும் சூட்டில் உருகாது. மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கவே, ஷெஃபீல்டில் எஃகு விலை இறங்கியது. ஆனால் அவர் காப்புரிமையில் எழுதியிருந்தது கரியோடு ஏற்கெனவே சேர்ந்த மாங்கனீசு. மற்றவர்கள் மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே மூசையில் போட்டார்கள். இரண்டும் உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டன. மூசைக்குள் பிறந்தது ஹீத்தின் பொருள்தானா என்று வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. அவர் 1851-ல் இறந்துபோனார். நான்கு வருடம் கழித்து, பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.