இரண்டாவதாக வந்தவள்

ஷாக் தெமி இயக்கி 1964இல் வெளிவந்த 'ஷெர்பூர் குடைகள்' படத்தில் யாரும் பேசுவதில்லை. கார் பட்டறைப் பேச்சும் கல்யாணப் பேச்சும் மிஷேல் லெக்ரான் இசையில் பாட்டாகவே வருகின்றன. காதலர்கள் தெருவில் கால் பாவாமல் மிதந்து போகிறார்கள். ஆனால் தெமியின் அப்பா நான்த் நகரில் கார் பட்டறை வைத்திருந்தவர். மகனுக்குக் கிரீஸ் வாசனை தெரியும். அந்த மாயத்துக்குள்ளேயே குடைக்கடையைக் கடன் நெருக்குகிறது, அல்ஜீரியப் போர் காதலனைக் கொண்டுபோகிறது.

போனவன் கீ. அவன் குழந்தையைச் சுமக்கும் ழெனவியேவ், வைர வியாபாரியை மணக்கிறாள். திரும்பி வந்தவன் மத்லேனை மணக்கிறான். பார்க்கிறவர்கள் பிரிந்த இருவருக்காகவும் அழுகிறார்கள். நான் மத்லேனுக்காகத்தான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். என் கணவருக்கு நான் இரண்டாவது மனைவி.

எங்கள் கூடத்தில் அக்காவின் படம் மாட்டியிருக்கிறது. நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் அக்காதான். வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடியைத் துடைத்து முல்லைச் சரம் சாத்துவது நான். ஆரம்பத்தில் கை நடுங்கும். கணவர் முகத்தைப் பார்க்காமலே ஸ்டூலைவிட்டு இறங்குவேன்.

தேவதைக் கதைகளில் இரண்டாவது பெண் வந்தால் சூழ்ச்சிக்காரியாகத்தான் வருவாள். தெமி அப்படி விடவில்லை. கீயின் அத்தை படுத்த படுக்கையானபோது பார்த்துக்கொண்டவள் மத்லேன். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவன் கேட்டதும் அவள் உருகிவிடுவதில்லை. இன்னும் ழெனவியேவை நினைக்கிறாயா என்று நேராகக் கேட்கிறாள். அந்தக் கேள்வியைப் பதினோரு வருஷமாக நான் கேட்டதில்லை.

கடைசிக் காட்சி 1963 டிசம்பர், பனி கொட்டும் இரவு. ஒரு காலத்தில் ழெனவியேவோடு கீ கண்ட பெட்ரோல் பங்க் கனவு பலித்திருக்கிறது, மத்லேனோடு. தற்செயலாக அங்கே பெட்ரோல் போட வரும் ழெனவியேவ், காரிலிருக்கும் மகளைப் பார்க்கிறாயா என்கிறாள். வேண்டாம் என்று தலையசைக்கிறான். கார் போனபின் மத்லேன் மகனோடு திரும்புகிறாள். கீ அவளை முத்தமிட்டுவிட்டு, பையனோடு பனியில் விளையாடத் தொடங்குகிறான். மிச்சம்மீதி அன்பை மட்டும் கொடுப்பவன் அப்படி முத்தமிட மாட்டான். எனக்கு அது போதும்.

போன வெள்ளிக்கிழமை ஸ்டூலில் நின்றபடியே கணவரிடம் கேட்டேன்: "அக்காவுக்கு முல்லை பிடிக்குமா?"

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "கனகாம்பரம்தான் வைப்பா" என்றார்.

பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் சொல்லியிருக்கிறேன்.